கல்லுப்பஞ்சும் இரண்டு விரல்களும்

முதலில் வந்தது மணம். ஈரக் கல்லின் மணம், அதற்குள்ளே பதுங்கியிருந்த தேசிக்காயின் புளிப்பு. நீர்வேலியில் வாழைத் தோட்டங்களைத் தாண்டி, வெள்ளைப் பொலித்தீன் போர்த்த நீளமான கூடாரம் ஒன்றுக்குள் நானும் அக்காவும் தலை குனிந்து நுழைந்த காலை அது. கண் வெளிச்சத்துக்குப் பழகுமுன்னரே மூக்கு பழையதைக் கண்டுபிடித்துவிட்டது. கூடாரத்தை நடத்தும் இளம்பெண் விவசாயம் படித்தவள், கெட்டிக்காரி. தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த சின்னக் கட்டிகளைக் காட்டினாள். ஒவ்வொன்றும் ஒரு கற்கண்டுக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். தலையில் ஒரு துளை. துளைக்குள்ளிருந்து இரண்டு இலையோடு ஒரு தக்காளிக் கன்று. "எங்கடை கிணத்துத் தண்ணியிலை சுண்ணாம்பு கூட, அன்ரி. அதுதான் நேற்றே தேசிக்காய்ப் புளி விட்டு ஊறப்போட்டனான்" என்றாள். காய்ந்த கட்டி ஒன்றை எடுக்க நான் கையை நீட்டினேன். "ஐயோ, கையுறை போட்டிட்டுத் தொடுங்கோ. கடிக்கும்!"

கடிக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடங்களுக்கு மேலாகத் தெரியும்.

அக்கா சிரித்தாள். ஒல்லாந்திலிருந்து அத்தானின் அஸ்தியைக் கொண்டுவந்து கீரிமலைக் கடலில் கரைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. "உந்தக் கல்லுப்பஞ்சைத் தன்ரை கையாலை எடுத்துக் காயத்துக்குள்ளை அடைஞ்சுதான் எங்கடை மனிசன் இரண்டு விரலைத் துலைச்சது, தெரியுமோ பிள்ளை?" என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தொடங்கினாள். "ஆறு வருசம் உதோடை வேலை செய்த மனிசன். உது கல்லு எண்டு தெரியாதே? மொக்குமனிசன். கலியாண வீட்டிலையும் சொல்லுவன், பிறந்தநாளிலையும் சொல்லுவன். ஏசி ஏசியே முப்பது வருசம் போச்சு. அந்தாள் வாய் திறந்து ஒரு சொல்லுச் சொன்னதில்லை. சிரிச்சுக்கொண்டு நிக்கும்."

கூடாரத்தின் கூரை எங்கோ மேலே போனது. அந்தப் பெண் சிரிப்பது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அவர் வைக்கவில்லை. நான் வைத்தேன். என் இந்த இரண்டு கைகளால் வைத்தேன்.

இவ்வளவு காலமும் நான் வேறொன்றை நம்பிக்கொண்டிருந்தேன். அத்தான் ஒல்லாந்து போய்ச் சேர்ந்த முதல் கிழமையே அக்காவுக்கு உண்மையைச் சொல்லியிருப்பார் என்று. தங்கையின் முகத்தைப் பார்த்து அக்கா அதைப் பேசாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று. தொலைபேசியில் கதை அத்தானின் கைப் பக்கம் திரும்பினால் நானே அவசரமாக மழைக்கோ மாம்பழத்துக்கோ மாற்றிவிடுவேன், அக்காவும் விட்டுவிடுவாள். அவள் அப்படி விட்டுவிடுவதை மன்னிப்பு என்று எண்ணி, அதன் நிழலில் தலைமயிர் நரைக்கும்வரை குந்தியிருந்துவிட்டேன். அப்படி ஒரு மன்னிப்பே கிடையாது. அங்கே ஒரு மனிதர் என்னுடைய பிழைக்கு, என் அக்காவிடம், பிறந்தநாள் தோறும் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அத்தான் வந்தது தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில். சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சில மாதங்களுக்குள் அவருடைய தாய் செத்துப்போனா. செத்தவீட்டுக்கு வந்தவர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தும் நின்றார், வீட்டையும் காணியையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் போகலாம் என்று. அதற்குள் சண்டை மறுபடி மூண்டது. பாதை பூட்டப்பட்டது. அக்காவும் கைக்குழந்தையும் ஒல்லாந்தில், அவர் இங்கே. தாயின் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அம்மா இல்லாத வீடு. ஐயாவும் நானும் மட்டும். ஐயா புகையிலையும் வெங்காயமும் செய்பவர். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, திறக்குமோ திறக்காதோ என்று தெரியாத பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்தவள்.

அவருடைய பெட்டி இரண்டு வருடம் கட்டியபடியே கிடந்தது. நாளைக்குப் பாதை திறந்தால் நாளைக்கே போகிற பெட்டி. ஐப்பசிக்கு முந்திய ஒரு நாள் அதைத் திறந்தார். சட்டைகளுக்கு அடியிலிருந்து, பிளாஸ்திக் உறையிட்ட, பாய்த்துண்டு போன்ற ஒன்றை எடுத்தார். கத்தி வைத்துக் கோடு போட்டதுபோல் சதுரம் சதுரமாக வெட்டுப்பட்டு, அடியில் மட்டும் ஒட்டியிருந்தது. ஐயா ஒருமுறை கடிதத்தில், மண்ணில்லாமல் பயிர் செய்கிறீர்களாமே, கேலிக்கதை விடவேண்டாம் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதிலாகக் காட்டவென்று கொண்டுவந்தது. பெட்டி திறந்த அன்று நான் மனிதரின் முகத்தைத்தான் பார்த்தேன். கெதியாகப் போவேன் என்ற நம்பிக்கையைத்தான் அவர் அன்று பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்.

"கல்லை உருக்கி, நூலாக்கி, பஞ்சு மாதிரி அடிக்கிறது, மாமா" என்றார்.

ஐயா விரலால் தட்டிப் பார்த்தார். "கல்லிலை நாத்து. நாளைக்குக் காத்திலை கத்தரிக்காய் காய்க்கப் பண்ணுவினம் உந்த ஒல்லாந்தர்."

"காய்க்குது மாமா. கண்ணாடி வீட்டுக்குள்ளை கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கு."

"ஓமோம். நீர் அங்கை கயித்திலை தொங்கினதும் காணும், இஞ்சை வந்து வெங்காயத்துக்குத் தண்ணி மாறும்."

அப்படிச் சொன்னாலும், கிணற்றடியில் கிடுகு வேய்ந்து ஒரு சின்னப் பந்தல் போட்டுக் கொடுத்தவரும் ஐயாதான். கல்லுப்பஞ்சு என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

முதலாவது சிக்கல் எங்கள் தண்ணீர். அந்தக் கல்லுக்கே சுண்ணாம்புக் குணம். எங்கள் கிணறோ சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தது. இரண்டும் சேர்ந்தால் வேர் கருகும். அங்கே அமிலம் விட்டு, தாள் தோய்த்து நிறம் பார்ப்பார்களாம். இங்கே அமிலத்துக்குத் தேசிக்காய் இருந்தது, தாள் இல்லை. நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்ததை நினைத்து, செவ்வரத்தம்பூவின் இதழைக் கசக்கி அந்தச் சாற்றைத் தண்ணீரில் விட்டேன். கிணற்றுத் தண்ணீர் பச்சையாகத் திரும்பியது. தேசிக்காய்ப் புளி சொட்டுச் சொட்டாக விட விட, பச்சை போய், மங்கலான ஊதா வந்து, பிறகு வெட்கப்பட்டதுபோல் இளஞ்சிவப்பு. "காணும், காணும், நிப்பாட்டு!" என்று துள்ளினார் அத்தான். மின்சாரமில்லாத, உரமில்லாத, சவர்க்காரம்கூட இல்லாத ஊரில் ஒரு பூவும் ஒரு காயும் ஆய்வுகூடமாகிவிட்டதில் இரண்டு பேரும் அன்று பைத்தியக்காரரைப்போலச் சிரித்தோம்.

ஊறிய கட்டிகளில் பாதியில் தக்காளி விதை போட்டார். மறுபாதியைப் பிறகு போடலாம் என்று வைத்தார். தண்ணீர் விடுவதில்தான் எங்களுக்குள் சண்டை. எனக்குத் தாராளக் கை, காணுமிடத்திலெல்லாம் ஊற்றுவேன். அந்தக் கல்லுப்பஞ்சோ எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும், ஒரு சொட்டும் திருப்பித் தராது, முகத்திலும் காட்டாது. மேலே காய்ந்திருக்கும், உள்ளே கிணறு. "கண்ணாலை பாக்காதை, கையாலை பார்" என்பார். வலக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், இந்த மூன்றாலும் ஒரு கட்டியை மெல்லத் தூக்குவார். கண்ணை மூடுவார். "இது பின்னேரம் வரை தாங்கும்." அடுத்தது. "இதுக்கு இப்ப வேணும்." எனக்கு எல்லாம் ஒரே பாரம். அவருக்கு அந்த மூன்று விரலுக்குள்ளும் ஒரு தராசு இருந்தது. அடியில் ஆணியால் துளையிட்ட பால்பேணியால் தூவி, தட்டில் தேங்கியதைச் சரித்து ஊற்றிவிடுவோம். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும்.

கூடிப்போய்விட்டதென்று தெரிந்தால் நான் கட்டியை விரலால் அமுக்கிப் பிழியப் பார்ப்பேன். அதற்கு மட்டும்தான் அவர் கோபப்பட்டார். "பிழியாதை! பிழிஞ்சா உள்ளுக்கிருக்கிற காத்துப் போகும். திருப்பி வராது. பஞ்சில்லையடி உது, கல்லு." நான் வேண்டுமென்றே பிழிவதுபோல் பாவனை காட்டுவேன். அவர் பேணியைத் தூக்கி எறிவதுபோல் பாவனை காட்டுவார். முதல் வெள்ளை வேர் கட்டியின் அடியில் எட்டிப்பார்த்த நாள், ஐயா வெற்றிலையோடு வந்து குனிந்து நெடுநேரம் பார்த்தார். "ம்" என்றார். அந்த "ம்" எங்களுக்குப் பட்டம்.

அது நடந்த நாள் வெயில் நாள். ஐயா கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றார். வெங்காயத்துக்கு இறைக்க வேண்டிய முறை அன்று. இறைக்கும் மெசினை அந்தக் காலத்தில் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். மெசின் சூடேறும்வரை மண்ணெண்ணெய் பற்றாது. மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலை ஒருவர் சொட்டுச் சொட்டாக விட, மற்றவர் சில்லில் சுற்றிய கயிற்றை இழுக்க வேண்டும். நான் சொட்டு விட்டேன். அத்தான் இழுத்தார். கயிற்று நுனியில் கைபிடிக்கிற மரக்கட்டை முதல்நாள் உடைந்து போயிருந்தது. எங்கள் ஊர்க்காரர் யாரும் அப்படிக் கயிற்றைக் கையில் சுற்ற மாட்டார்கள். கட்டை இல்லையென்றால் ஒரு தடியைக் கட்டிக்கொள்வார்கள். அத்தான் ஆறு வருடம் பொத்தானை அமுக்கி வேலை செய்த மனிதர். இரண்டு விரலில் சுற்றிக்கொண்டார். மூன்றாவது இழுப்பில் மெசின் இருமி, எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றியது.

சத்தம் எனக்கு நினைவில்லை. கிணற்றுக் கட்டில் தெறித்த சிவப்பு நினைவிருக்கிறது. மெசின் உடனே நின்றுவிட்டது. அத்தான் இடக்கையால் வலக்கையைப் பிடித்தபடி, யாரோ பெயர் கேட்டு அதை மறந்துபோனவரைப்போல நின்றார். விரல்கள் இருந்தன. கிழிந்திருந்தன, ஆனால் இருந்தன. நடுவிலிருந்து இரத்தம் வந்துகொண்டேயிருந்தது. நான் ஓடினேன். வீட்டுக்குள்ளே ஓடியிருக்கலாம். கொடியில் ஐயாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது, அதை இழுத்திருக்கலாம். பஞ்சு என்று ஒன்று மாதக்கணக்காக எங்கள் கண்ணில் படவில்லை. கடையிலும் இல்லை, ஆசுபத்திரியிலும் பழைய துணியைத்தான் அவித்துக் காயப்போட்டுக் கட்டினார்கள். அதனால்தானோ என்னவோ, என் தலைக்குள் அப்போது ஒரேயொரு எண்ணம்தான் இருந்தது: குடிக்கிற ஏதாவது வேண்டும். எவ்வளவு வந்தாலும் குடித்து, ஒரு சொட்டும் திருப்பித் தராத ஏதாவது. பந்தலுக்குள் தேசிக்காய்த் தண்ணீரில் விதைபோடாத பாதி ஊறிக்கொண்டிருந்தது. அது கல் என்று எனக்குத் தெரியும். பெயரைக் கேட்டு நான் ஏமாறவில்லை. தெரிந்தும் கை போனது. ஆறு கட்டியைப் பிய்த்தேன். பிழிந்தேன். இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்து, தும்பாக்கி, அவருடைய விரல்களுக்கு நடுவே திணித்து, என் தாவணியால் இறுக்கிக் கட்டினேன்.

தேசிக்காய்ப் புளி பட்டதும் அவர் கத்திய கத்தலில்தான் அயல் ஓடிவந்தது. கத்தி முடியுமுன் என்னைப் பார்த்தார். "பிள்ளை, அது..." என்றார். மயங்கிச் சரிந்தார்.

அயலில் ஒருவருடைய பழைய காரை மண்ணெண்ணெயில் கிளப்பி, புகைக்குள் புகையாய்ப் போனோம். வழியெல்லாம் என் உள்ளங்கை எரிந்தது, பிறகு கடித்தது. கண்ணுக்குத் தெரியாத கல்முட்கள். கையைப் பாவாடையில் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உள்ளே போயின. அப்போதுதான், கார் ஒரு சந்தியில் திரும்பியபோது, எனக்கு விளங்கியது. என் தோலிலேயே இப்படியென்றால். அந்த விளக்கம் நெஞ்சில் விழுந்த இடம் இன்றுவரை மரத்துக் கிடக்கிறது.

கட்டை அவிழ்த்த வைத்தியர் களைத்துப்போன மனிதர். சிறு இடுக்கியால் ஒரு தும்பை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மினுங்கியது.

"என்ன பஞ்சு இது?"

அத்தானுக்கு அப்போது நினைவு திரும்பியிருந்தது. "பஞ்சில்லை டொக்டர். கல்லு. கன்று வைக்கிறது."

"கல்லோ? ஆர் ஐசே இதைக் கொண்டுபோய்க் காயத்துக்குள்ளை வைச்சது?"

நான் கட்டில் காலடியில் நின்றேன். கைகள் முதுகுக்குப் பின்னால், ஒன்றையொன்று சொறிந்துகொண்டு. வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். நாக்கு ஏதோ ஒரு சொல்லின் முதல் எழுத்தில் நின்றது. அத்தான் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். முகத்தைப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்த முழங்கைகளைப் பார்த்தார்.

"நான்தான் டொக்டர் வைச்சனான். பயத்திலை ஒண்டும் விளங்கேல்லை."

"படிச்ச ஆள் மாதிரி இருக்கிறீர்" என்றார் வைத்தியர். கோபம்கூட இல்லை, களைப்புத்தான். "சும்மா ஒரு பழைய வேட்டித் துண்டாலை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தா விரல் தப்பும். இப்ப உள்ளுக்கை முழுக்கத் தும்பு. எடுத்துப் பாப்பம்."

எடுத்தார். மூன்று மணித்தியாலம் குனிந்து எடுத்தார். எண்ணிக்கையில்லாத தும்புகள். நாலாம் நாள் சுட்டுவிரலும் நடுவிரலும் கறுத்தன. ஆறாம் நாள் இரண்டையும் எடுத்தார்கள். தராசை எடுத்துவிட்டார்கள். நான் வாசலில் சுவரோடு நின்று, வேட்டி காய்ந்த கொடியையே நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து அடி. கிணற்றுக்கும் கொடிக்கும் பத்து அடிதான்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று கன்றுகளெல்லாம் செத்திருக்கும் என்று நினைத்தேன். சாகட்டும் என்றும் நினைத்தேன். பந்தலுக்குள் அவை பச்சையாக நின்றன. ஐயா ஒரு கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் திருடன் பிடிபட்டதுபோல் கீழே வைத்தார். "சண்டிலிப்பாயிலை கல்லுக்குத் தண்ணி விட்ட முதல் கமக்காரன் நான்தான்" என்று யாரையும் பாராமல் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். முகம் கழுவிய ஈரத்தோடுதான் வெளியே வந்தார். அவருக்கும் தெரியாது. மருமகனே வைத்தார் என்றுதான் ஆசுபத்திரியில் சொன்னார்கள். அவர் சாகும்வரை அப்படியே இருந்துவிட்டது.

நான் அந்தப் பந்தல் பக்கம் போகவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு அத்தான் கூப்பிட்டார். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு, தட்டுக்கு முன்னால் பலகை போட்டுக் குந்தியிருந்தார். "நீ தொடாட்டி ஆர் தொடுறது? எனக்கு எண்ணிக்கையிலை குறைவு" என்றார். அந்தப் பகிடிக்கு நான் அழுதேன். "அத்தான், நான்..." என்று தொடங்கினேன். "தட்டிலை தண்ணி தேங்கி நிக்குது, சரிச்சு ஊத்து" என்றார். அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் தொடங்கினேன். ஒவ்வொரு தரமும் தண்ணீர் தேங்கி நின்றது, அல்லது பாசி படர்ந்தது, அல்லது ஒரு கன்று சரிந்தது. எதையாவது காட்டி என் வாயை மூடிவிடுவார். அக்காவுக்கு அவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதியதும் நான்தான். "மெசினுக்கு இரண்டு விரலைக் குடுத்தாச்சு எண்டு எழுது. வேறை ஒண்டும் எழுதாதை." எழுதினேன். கல்முள் இன்னும் கடித்துக்கொண்டிருந்த கையால் எழுதினேன். உண்மையும் இல்லாத, பொய்யும் இல்லாத அந்த ஒரு வரிக்கு என் கையெழுத்து மிக வடிவாக வந்திருந்தது.

கன்றுகளை ஐயா கட்டியோடேயே மண்ணில் நட்டார். மாரி முழுக்கக் காய்த்தது. முதல் பழத்தை அத்தான் இடக்கையால் பறித்து ஐயாவிடம் நீட்டினார். ஐயா கடித்துப் பார்த்துவிட்டு, "புளிக்குது. தேசிக்காய் கூடிப்போச்சு" என்றார். தை மாதம் மிச்சக் கட்டிகளில் இன்னொரு தரம் விதை போட்டோம். அவை இரண்டு இலை விட்ட நாளில், அவர் வெளியே போவதற்கான பாஸ் வந்தது. கிளாலிக்குப் போய், இரவில் படகேறிக் கடலேரியைத் தாண்டவேண்டிய பயணம். பின்னேரமே வீட்டைவிட்டுப் புறப்பட்டார்.

அவருக்குப் பிறகும் கன்று வைத்தேன். தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது தட்டு கிணற்றடியிலேயே கிடந்தது. மறுவருடம் திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரையில்லை, கதவில்லை. கிணற்றுக்குள் மரம் விழுந்து கிடந்தது. கிடுகு மக்கி மண்ணாகியிருந்தது. அந்த மண்ணைக் காலால் கிளறியபோது, கட்டிகள் அப்படியே, போட்டுவிட்டுப் போன வரிசையிலேயே இருந்தன. கல் மக்கவில்லை. நான் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று ஐயா பிறகு சொல்லிச் சிரிப்பார். வீட்டைப் பார்த்து அழாதவள் குப்பையைப் பார்த்து அழுதாள் என்பார்.

நீர்வேலிக் கூடாரத்தில் அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தக் கையோடை போனதுக்கு, கண்டு கிள்ளுற வேலைக்குச் சரிவராது எண்டு பெட்டி அடுக்க விட்டவங்கள். இருபத்திரண்டு வருசம் பெட்டி அடுக்கினது. கண்டுகள் நிக்கிற பக்கம் போகவே விடேல்லை. தன்ரை விசர்த்தனத்துக்குத் தானே அனுபவிச்சுப்போட்டுப் போட்டார்." பிறகு, குரல் இறங்கி: "சும்மா ஏசியிருக்கக் கூடாது, என்னடி?"

நான் வாயைத் திறந்தேன். நாக்கு அதே எழுத்தில் போய் நின்றது. அந்தப் பெண் எனக்கு ஒரு கட்டியைக் கன்றோடு பையில் போட்டு நீட்டினாள். "கொண்டுபோய் வையுங்கோ அன்ரி, காசு வேண்டாம்." வாங்கினேன். நன்றி என்றேன். இரண்டாவது தரமும் கட்டில் காலடியில் நின்று, கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, பேசாமல் வந்துவிட்டேன்.

அக்கா ஒல்லாந்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். நான் எழுதுவதையெல்லாம் அவள் வாசிப்பாள், இதையும் வாசிப்பாள். அக்கா, அந்த மொக்குவேலை செய்தது உன் மனிசன் இல்லை. நீ ஏசியதெல்லாம் எனக்கு வரவேண்டியது. இனி ஏசு. ஏசுவதற்கு நான் ஒருத்தி இன்னும் மிச்சம் இருக்கிறேன்.

கட்டி இப்போது என் மேசையில், ஒரு சோசரில் இருக்கிறது. கன்றுக்கு நாலாவது இலை. காலையில் மூன்று விரலால் தூக்கிப் பார்க்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பாரம் விளங்குவதில்லை. கண்ணை மூடினால் எங்கள் வீட்டு வாசற்படலைதான் தெரிகிறது. பின்னேர வெயில். சைக்கிள் கரியரில் அந்தப் பெட்டி. படலைக்கு வெளியே ஐயா சைக்கிளைப் பிடித்தபடி, அவசரப்படுத்தாமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறார். நான் படலையைப் பிடித்தபடி, அன்றைக்காவது கேட்டுவிட்டேன்: "அக்கா கேட்டா என்ன சொல்லுவியள், அத்தான்?" அவர் என் கையைப் பார்த்தார். தழும்பில்லை, எப்போதோ ஆறிவிட்டது. மூன்று விரல் மிஞ்சிய வலக்கையைத் தூக்கி, எதையோ மெல்ல எடுத்துப் பாரம் பார்ப்பதுபோல் காட்டினார்.

"அக்காவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். நீ கண்டுகளுக்குத் தண்ணியை விடு. பிழியாதை, என்ன?"